குமுளியில் களவு போன சைலன்சர்: நேர்க்குழாய் வைக்க வேண்டாம்

கேள்வி: ஐயா, எங்களுக்குச் சொந்த ஊர் கம்பம். வண்டன்மேடு பக்கம் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இருப்பதால் வாரம் இருமுறை மலை ஏறி இறங்குகிறோம். சென்ற சனிக்கிழமை இரவு குமுளியில் ஒரு விடுதியின் பின்புறம் எங்கள் மாருதி ஈக்கோவை நிறுத்தியிருந்தோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிராக்டர் போல இரைந்தது. குனிந்து பார்த்தால் சைலன்சர் இருந்த இடம் காலி. ஒரு ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே மெதுவாக ஓட்டி வீடு வந்துவிட்டோம். நேராக ஒரு குழாயை வைத்து வெல்டிங் செய்தால் 2,500 ரூபாயில் முடிந்துவிடும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். கேரளத்தில் நடந்த திருட்டுக்குத் தமிழ்நாட்டில் புகார் வாங்க மாட்டார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வண்டி 2021 மாடல், வெள்ளை போர்டு, முழு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன். குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்கும்போது கண்ணாடிகள் திறந்திருந்தனவா? காலைக் குளிருக்கு மூடி வைத்திருந்தால், கூட வந்தவர்களில் யாருக்காவது தலைவலியோ குமட்டலோ இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள். ஈக்கோவின் எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. புகைக்குழாய் வண்டியின் அடித்தளத்தை ஒட்டிப் பின்னால் போகிறது. நடுவில் ஒரு துண்டு காணாமல் போனால், பின்பக்கம் வெளியேற வேண்டிய புகை உங்கள் காலுக்கடியிலேயே கக்கப்படும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு ஒட்டிக்கொள்ளும். பின் இருக்கையில் தூங்கும் குழந்தைக்கு மூச்சு முட்டுவது முன்னால் ஓட்டுபவருக்குத் தெரியாது. ஆகவே, இனி ஒரு கிலோமீட்டர்கூட அந்த வண்டியை ஓட்ட வேண்டாம். பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள், அல்லது மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். அறுந்த குழாயிலிருந்து வரும் வாயு கொதிக்கக் கொதிக்க வருவது. பக்கத்தில் ஒயரோ பிளாஸ்டிக்கோ இருந்தால் உருகும். சருகு கிடக்கும் தோட்டத்துப் பாதையில் நிறுத்தினால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

களவு போனது வெறும் சைலன்சர் அல்ல. அதோடு சேர்ந்திருந்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்காகத்தான் திருடன் வந்திருக்கிறான். பாடநூல்களில் வினையூக்கி மாற்றி என்று படித்திருப்பீர்கள். வெளியே ஒரு எஃகுத் தகட்டு உறை, உள்ளே தேனடை போல நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் என்ற உலோகங்கள் சில கிராம் அளவுக்குப் பூசப்பட்டிருக்கும். எஞ்சின் புகை அதைக் கடக்கும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகவும், எரியாத பெட்ரோல் ஆவி நீராவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகவும் மாறுகின்றன. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. 2021-ல் ரோடியத்தின் விலை ஓர் அவுன்ஸுக்கு 29,000 டாலர் அளவுக்கு ஏறியது. அந்தக் காலகட்டத்தில் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் டெல்லியிலும் ஈக்கோ வண்டிகளின் சைலன்சர்களைக் குறிவைத்தே திருட்டுக் கும்பல்கள் இயங்கின. தரையிலிருந்து உயரமாக நிற்கும் வண்டி, கைக்கெட்டும் இடத்தில் கன்வர்ட்டர். நாலைந்து போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். இன்றைய பல சிறிய கார்களில் அது எஞ்சினை ஒட்டியே மேலே பொருத்தப்பட்டிருப்பதால் திருடுவது அத்தனை சுலபமில்லை.

இனி புகார். உங்கள் உறவினர்கள் சொல்வது பழைய பழக்கத்தை வைத்துச் சொல்வது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற விசாரணை நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. கம்பத்தில் கொடுத்தால் அதைப் பதிவு செய்து குமுளிக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. மின்னணு முறையில் அனுப்பவும் வழி இருக்கிறது. அப்படி அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

சட்டம் இப்படி இருந்தாலும், நீங்கள் பஸ் ஏறிக் குமுளிக்கே போய் வாருங்கள் என்றுதான் சொல்வேன். விடுதியிலும் எதிர்க் கடைகளிலும் உள்ள கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்துவிடும். கம்பத்தில் கொடுத்த காகிதம் மலை ஏறி வருவதற்குள் அந்தச் சனிக்கிழமை இரவு கேமராவில் இருக்காது. போனவுடன் விடுதிக்காரரிடம் பதிவை எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு காவல் நிலையம். மனுவைத் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். மலையாளம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி ஒரு பிரதி அந்த மொழியிலும் வைத்துக்கொண்டால் வேலை வேகமாக நடக்கும். வண்டி எண், சேசிஸ் எண், நிறுத்திய நேரம், எடுத்த நேரம், அடிப்பாகத்தின் படங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். "வண்டியின் பாகம் காணவில்லை" என்று எழுதாதீர்கள். "சைலன்சரும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் திருடப்பட்டன" என்று எழுதுங்கள். காணவில்லை என்பதற்கும் திருட்டு என்பதற்கும் இன்ஷூரன்ஸில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் தலைமைக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். அவர்கள் ஆள் வந்து பார்ப்பதற்கு முன் வண்டியில் ஸ்பேனர் படக் கூடாது. முழு இன்ஷூரன்ஸ் என்றால் திருட்டும் அதில் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் ஒரு பைசாவும் வராது. எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு) சேர்த்து எடுத்திருந்தால் பாகத்தின் விலை ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கும். எடுக்கவில்லை என்றால், நான்கு வயது முடிந்து ஐந்துக்குள் இருக்கும் வண்டியின் உலோக பாகங்களுக்கு 35 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஐந்து வயது தாண்டியிருந்தால் 40 சதவீதம். கணக்குக்காகப் பாகத்தின் விலை 60,000 என்று வைத்துக்கொண்டால், 35 சதவீதத்துக்கு 21,000 போகும். 1,500 சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கைக்கு 38,000 வரும். கூலிக்குத் தேய்மானம் கிடையாது. இந்த ஆண்டு கிளெயிம் செய்தால் நோ கிளெயிம் போனஸ் (கிளெயிம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடுமே என்று தயங்குபவர்கள் உண்டு. சொந்த சேதத்துக்கான பிரீமியம் எவ்வளவு என்று பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். ஈக்கோ போன்ற வண்டிக்குப் போனஸால் மிச்சமாகும் பணம், இவ்வளவு பெரிய இழப்புக்கு முன் சிறியதாகத்தான் இருக்கும். கிளெயிம் செய்யுங்கள்.

நேர்க்குழாய் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வண்டி ஓடும், உண்மைதான். இரைச்சலும் ஓரளவு அடங்கும். ஆனால் பிஎஸ் 6 என்ற புகை விதிமுறைப்படி வந்த உங்களுடையது போன்ற வண்டியில் கன்வர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சாரும் பின்னால் ஒன்றும் இருக்கின்றன. உங்கள் வண்டியில் தொங்கும் ஒயர் அவற்றில் ஒன்றுடையது. புகை சுத்தமாகிறதா என்று பின்னால் உள்ள சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். கன்வர்ட்டர் இல்லையென்றால் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்தபடி நிற்கும். நாளை நிஜமாகவே வேறு கோளாறு வந்தாலும் அந்த விளக்கைப் பார்த்து உங்களுக்குத் தெரியாது. புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால், நின்ற நிலையில் ஓடும் எஞ்சினில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கன்வர்ட்டர் இல்லாமல் அதற்குள் நிற்பது கடினம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. வண்டியின் அமைப்பை அனுமதியின்றி மாற்றியதற்கு 182ஏ பிரிவில் 5,000 ரூபாய் தனி. வாரம் இருமுறை மாநில எல்லையைக் கடக்கும் வண்டிக்கு இரண்டு பக்கமும் சோதனை உண்டு. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. மலை ஏற்றத்தில் முதல் கியரில் உறுமிக்கொண்டு போகும் உங்கள் வண்டியின் பின்னால், தோட்டத் தொழிலாளர்களை நெருக்கி ஏற்றிய ஜீப் வந்துகொண்டிருக்கும். நீங்கள் விடும் புகை அவர்கள் முகத்துக்குத்தான் போகும்.

பழைய இரும்புக் கடையில் ஒன்று வாங்கிப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதற்கும் தலையாட்டாதீர்கள். அது வேறொரு கம்பத்துக்காரருடைய வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-வது பிரிவில் குற்றம்.

உள்ளே ஒன்றுமில்லாத கன்வர்ட்டரை, அதாவது காலி டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. இழுவை போய்விட்டது, எஞ்சின் விளக்கு எரிகிறது, சைலன்சர் பத்திரமாக இருக்கிறது என்றார் உரிமையாளர். கழற்றிக் கையில் எடுத்ததுமே மனதில் ஏதோ நெருடியது. எண்ணெய் டின்னைத் தூக்குவது போல லேசாக இருந்தது. டார்ச்சை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் கண்ணை வைத்தேன். தேனடை தெரிய வேண்டிய இடத்தில் முழு நிலவு போல வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. உறையின் ஓரத்தில் விரலை ஓட்டினால், கம்பெனி வெல்டிங்கின் மழமழப்புக்கு நடுவே ஒரு சாண் நீளத்துக்குச் சொரசொரப்பான இன்னொரு வெல்டிங் தட்டுப்பட்டது. யாரோ அறுத்து, உள்ளே இருந்ததைக் கொட்டிக்கொண்டு, மூடி, திரும்ப மாட்டியிருக்கிறார்கள். எப்போது, எங்கே என்று அவரால் சொல்லவே முடியவில்லை. நீங்கள் புதிதாக வாங்கும் கன்வர்ட்டரையும் இதே மாதிரி சோதியுங்கள். எடை இருக்க வேண்டும். டார்ச் வெளிச்சம் சல்லடை வழியாக வருவது போலப் பொடிப்பொடியாகத் தெரிய வேண்டும். குலுக்கினால் உள்ளே எதுவும் உருளக் கூடாது. கம்பெனி பெட்டி, ஹாலோகிராம் ஸ்டிக்கர், வண்டியின் சேசிஸ் எண்ணுக்குப் பொருந்தும் பாக எண், ஜிஎஸ்டி பில் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் வாங்க வேண்டாம்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள். இணைப்பில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடச் சம்மதிக்காதீர்கள்; இணைப்புக்கு இணைப்பு புதியது வேண்டும். துருப்பிடித்த நட்டுகள், இழுபட்டுத் தளர்ந்த ரப்பர் ஹேங்கர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ரப்பர் தளர்ந்திருந்தால் மேட்டுப் பள்ளத்தில் குழாய் ஆடி, புது இணைப்பு விரைவில் விரிசல் விடும். சென்சார் ஒயர் அறுந்திருந்தால் முறுக்கி டேப் சுற்றுவது உதவாது. பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை அந்த ஒயரின் உள்வழியாகத்தான் இழுக்கின்றன. பற்றவைத்தால் அந்த வழி அடைபட்டுத் தவறான அளவு காட்டும். சென்சாரையே மாற்றுங்கள். அடிப்பாகத்தில் வெல்டிங் செய்ய நேர்ந்தால் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிய பிறகுதான் தொட வேண்டும். இல்லையென்றால் எஞ்சினின் கணினிப் பெட்டி போய்விடலாம்.

வேலை முடிந்ததும், எஞ்சின் சூடாகும் முன்பே ஸ்டார்ட் செய்து, பின் முனையை ஈரச் சாக்கால் ஒரு கணம் அடைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். பிறகு ஸ்கேனரில் பழைய பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, புகைச் சோதனை செய்து காகிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கன்வர்ட்டர் உண்மையில் வேலை செய்கிறது என்பதற்கு அந்தக் காகிதத்தில் உள்ள எண்தான் சாட்சி. எஞ்சின் தட்டித் தடுமாறி ஓடுகிறது என்றால் ஸ்பார்க் பிளக்கை முதலில் சரிசெய்யுங்கள். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்தால் புதிய பீங்கானும் உருகிவிடும்.

மறுபடி திருடுபோகாமல் இருக்க, பொருத்துவதற்கு முன்பே உறையின் மேல் வண்டியின் பதிவு எண்ணைப் பஞ்ச் செய்யச் சொல்லுங்கள்; உறையில்தான், துளை விழாத அளவுக்கு மெல்ல. கன்வர்ட்டரைச் சுற்றி இரும்புக் கம்பியில் ஒரு கூண்டு செய்து அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு, போல்ட் தலையை உருட்டிவிட்டால் கழற்ற நேரமாகும். திருடனுக்கு நேரம்தான் எதிரி. கூண்டு உறையைத் தொடாமல் காற்று போக இடம் இருக்க வேண்டும். குமுளியில் இரவு தங்கினால் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள கட்டண நிறுத்தத்தில் விடுங்கள். குழாய் இருக்கும் பக்கம் சுவரை ஒட்டி நிற்கட்டும். முதல் முறை வண்டன்மேடு போய் வந்ததும், வண்டி ஆறிய பிறகு, எல்லா நட்டுகளையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். சூட்டில் விரிந்து சுருங்கி முதல் நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.