சனிக்கிழமை ஆட்டத்துக்கு வெள்ளிக்கிழமையே கிளம்புங்கள்

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் நம் அணி எதிரணியின் ஊருக்குப் போய் ஆடும்போது கூடவே போகிற ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இந்த சீசனில் அப்படிக் கிளம்ப நினைக்கும் தமிழ் மாணவர்களும் வேலையில் இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கே: நாங்க நாலு பேர், மாஸ்டர்ஸ் படிக்கிறோம். வெளியூர் ஆட்டத்துக்குப் போனதே இல்லை. முதல் தடவைக்கு எந்த ஊர் நல்லது அண்ணா?

உங்கள் அணி இந்த வருடம் எங்கெங்கே போகிறதோ அதற்குள்தான் தேர்வு. அந்தப் பட்டியலில் சியாட்டில் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள், கார் தேவையே இல்லை. சீ-டாக் விமான நிலையத்தில் லிங்க் ரயில் ஏறினால் வண்டி மாறாமல் யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன் ஸ்டேஷன். 2016-இல் திறந்தது. மேலே ஏறி வந்தால் எதிரிலேயே ஹஸ்கி ஸ்டேடியம். 25 வயது ஆகாதவர்களிடம் வாடகைக் கார்க்காரர்கள் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கூடுதலாக வாங்குவார்கள். மாணவர்களுக்கு அந்தச் செலவும் மிச்சம். ஸ்டேடியத்தை ஒட்டியே லேக் வாஷிங்டன். படகிலேயே வந்து, கரையில் கட்டி, அதிலேயே சமைத்துச் சாப்பிடுகிற கூட்டம் அங்கே உண்டு. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் கரையோரம் ஒரு நடை போய் வாருங்கள்.

சியாட்டில் இல்லையென்றால் மேடிசன், விஸ்கான்சின். சிகாகோ ஓ'ஹேரிலிருந்து ஐ-90-இல் சுமார் 130 மைல். ஆட்டம் மொத்தம் நாலு குவார்ட்டர். மூன்றாவது முடிந்ததும் ஒரு பாட்டுப் போடுவார்கள், மொத்தக் கூட்டமும் குதிக்கும். மேல்தளத்தில் உட்கார்ந்தால் அந்த அதிர்வு காலில் தெரியும். 1998-இலிருந்து நடக்கிற கூத்து இது. ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடிவிடாதீர்கள். பேண்டுக் குழு மைதானத்தில் இறங்கி 'ஐந்தாவது குவார்ட்டர்' என்று இன்னொரு கச்சேரி வைக்கும். அதற்குள் பார்க்கிங்கும் பாதி காலியாகியிருக்கும்.

கே: அட்டவணையில் தேதி மட்டும் இருக்கு, நேரமே இல்லை. ஃப்ளைட் எப்படி புக் பண்றது?

நேரத்தைப் பல்கலைக்கழகம் முடிவு செய்வதில்லை, டிவிக்காரர்கள் முடிவு செய்கிறார்கள். வழக்கமாக ஆட்டத்துக்கு 12 நாள் முன்னால் சொல்வார்கள். சில வாரங்களில் அதையும் தள்ளிப்போட்டு 6 நாள் முன்னால்தான் சொல்வார்கள். எஸ்இசி (பெரும்பாலும் தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த லீக்) மட்டும் 2024-இலிருந்து பெரும்பாலான ஆட்டங்களுக்குக் காலை, மதியம், இரவு என்று உத்தேசப் பொழுதைக் கோடையிலேயே அறிவித்துவிடுகிறது. 'ஃப்ளெக்ஸ்' என்று போட்டிருந்தால் மதியமாகவும் இருக்கலாம், இரவாகவும் இருக்கலாம்.

அதனால் கணக்கு எளிது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேருங்கள், ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் திரும்புங்கள். சனிக்கிழமை இரவு ஃப்ளைட் மலிவாகத் தெரியும், தொடாதீர்கள். ஒரு ஆட்டம் ஓடி முடியச் சுமார் மூன்றரை மணி நேரம். இரவு ஏழு மணி ஆட்டமாக அறிவித்துவிட்டால் அந்த டிக்கெட் குப்பைதான். சனிக்கிழமை காலை கிளம்பிப் போகலாம் என்பதும் இதே தப்புதான். மத்திய நேரம் காலை 11 மணிக்கு ஆட்டம் வைத்தால் முதல் ஃப்ளைட் பிடித்தாலும் எட்டாது.

கே: ஹூஸ்டனிலிருந்து பேட்டன் ரூஜ், எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) ஆட்டம். ஒரே நேர் ரோடுதானே, அதில் என்ன சிக்கல்?

நேர் ரோடுதான், ஐ-10-இல் சுமார் 270 மைல். மேப் நாலு மணி நேரம் என்று காட்டும், ஆட்ட நாளில் அதை நம்பாதீர்கள். சிக்கல் இரண்டு இடத்தில். லாஃபயெட் தாண்டியதும் அச்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் நீளப் பாலம். நடுவில் இறங்க வழி மிகக் குறைவு, முன்னால் ஒரு விபத்து நடந்தால் நடுப்பாலத்தில் நிற்க வேண்டியதுதான். அடுத்தது பேட்டன் ரூஜ் நுழைவில் மிசிசிப்பி ஆற்றுப் பாலம். இறங்கியதும் கிழக்கே போகும் ஐ-10 ஒரே லேனாகச் சுருங்கும். நெரிசல் அந்தப் புள்ளியிலிருந்து பின்னோக்கி வளரும்.

மாற்று வழி உண்டு. லாஃபயெட்டில் ஐ-49 பிடித்து வடக்கே ஓபலூசஸ் போய், யூஎஸ்-190-இல் கிழக்கே திரும்புங்கள். கொஞ்சம் சுற்று, ஆனால் பழைய பாலம் வழியாக ஊருக்குள் போய்விடலாம். லாஃபயெட் வருவதற்கு முன்பே மேப்பில் பாலத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் இந்த மாற்று வழிக்குத் திரும்பிவிடுங்கள், லாஃபயெட் தாண்டிய பிறகு முடிவெடுக்க முடியாது. பெட்ரோலும் கழிப்பறையும் அங்கேயே முடியட்டும். போக வர 540 மைல். காலனுக்கு 27 மைல் ஓடுகிற கார் என்றால் 20 காலன், நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 காலன் காசு.

போய்ச் சேர்ந்த பிறகு: டைகர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம் கொள்ளும், இரவு ஆட்டம்தான் அதன் பெருமை. மதியமே போய்விடுங்கள். பிரியாணி அண்டா அளவு வார்ப்பிரும்புப் பானையில், படகுத் துடுப்பு போன்ற கட்டையால் கிளறி ஜம்பலாயா என்கிற கலவைச் சோறு சமைத்துக்கொண்டிருப்பார்கள். எதிரணி டீ-ஷர்ட்டைப் பார்த்ததும் "டைகர் பெய்ட்!" என்று கத்துவார்கள், அதாவது புலிக்கு இரை. கத்தி முடித்த அதே ஆள் ஒரு தட்டு நீட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். நிஜப் புலியும் ஸ்டேடியத்துக்கு எதிரில் தன் அடைப்புக்குள் இருக்கிறது, பார்க்கக் காசில்லை.

கே: டிக்கெட் எங்கே வாங்குவது மலிவு?

முதலில் உங்கள் பல்கலைக்கழக டிக்கெட் அலுவலகம். வருகிற அணிக்கென்று ஒரு ஒதுக்கீடு உண்டு. பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை தருகிறவர்களுக்குப் புள்ளி உண்டு, அந்தப் புள்ளி வரிசைப்படி அது கரையும். மாணவர்களுக்குத் தனிக் குலுக்கல் வைக்கிற இடங்களும் உண்டு. அந்த இருக்கைகள் பெரும்பாலும் மேல் மூலையில்தான் இருக்கும். ஆனாலும் சுற்றிலும் நம் ஆட்கள், அதற்கே அது மதிப்பு.

கிடைக்காவிட்டால் ரீசேல். சாதாரண ஆட்டத்துக்கு வெள்ளி மாலையிலிருந்து சனி காலைக்குள் விற்காத டிக்கெட்காரர்கள் பதறி விலையை இறக்குவார்கள். பரம எதிரிகள் மோதும் ஆட்டம், பென் ஸ்டேட்டில் கூட்டம் முழுக்க வெள்ளை உடுத்தி வரும் 'ஒயிட் அவுட்' ஆட்டம் போன்றவற்றில் இந்தத் தந்திரம் பலிக்காது, விலை ஏறத்தான் செய்யும். 2025 மே மாதத்திலிருந்து எல்லாக் கட்டணமும் சேர்த்த மொத்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதனால் இப்போது இரண்டு தளங்களை ஒப்பிடுவது சுலபம்.

கேட்டில் தடுமாறுகிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள். பார்கோடு நொடிக்கு நொடி மாறும் டிக்கெட்டுக்கு அது செல்லாது. எழுபதாயிரம் போன் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும்போது ஆப்பும் திறக்காது. ஹோட்டல் வைஃபையில் இருக்கும்போதே டிக்கெட்டைப் போன் வாலட்டில் ஏற்றிவிடுங்கள். நண்பர்கள் டிக்கெட்டை அவரவர் கணக்குக்கு மாற்றி, அவர்கள் 'ஏற்றுக்கொண்டேன்' என்று அழுத்தியாயிற்றா என்று பாருங்கள்.

கே: ஓல் மிஸ் 'குரோவ்' பற்றி நிறையச் சொல்கிறார்கள். அடுப்பு கொண்டுபோய் தோசை ஊற்றலாமா?

முடியாது. மிசிசிப்பி மாநிலம் ஆக்ஸ்ஃபோர்டில், ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் நடுவே ஓக் மரங்கள் நிற்கிற சுமார் 10 ஏக்கர் தோப்புதான் குரோவ். தீ, கேஸ் சிலிண்டர் எதுவும் உள்ளே கூடாது. எல்லாம் வெளியே சமைத்து எடுத்து வந்ததுதான், அதை வெள்ளித் தட்டில் வைத்து, கூடாரத்துக்குள் சரவிளக்கும் தொங்கவிட்டிருப்பார்கள். பெண்கள் கவுன், ஆண்கள் கோட்டு டை. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும். நீங்களும் இஸ்திரி போட்ட சட்டையோடு போங்கள். ஆட்டத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் அணி அந்தத் தோப்புக்குள்ளேயே நடந்து போகும்.

ரூம்தான் கஷ்டம். ஊர் சின்னது, ஆட்ட வாரத்தில் இரண்டு இரவு குறைந்தபட்சம் என்பார்கள். மெம்ஃபிஸில் தங்கி ஐ-55-இல் பேட்ஸ்வில் வந்து நெடுஞ்சாலை 6-இல் கிழக்கே திரும்பினால் சுமார் 80 மைல். டூப்பலோ சுமார் 50 மைல், அது இன்னும் சௌகரியம்.

கே: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் விசாரிக்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். ஜம்பலாயாவில் கோழியும் சாசேஜும், சிவப்பு பீன்ஸில் பன்றி, கீரைக்கறியில்கூடப் பன்றி எலும்பு. தெற்கே சாலையோரத்தில் 'பாயில்ட் பீனட்ஸ்' என்று போர்டு பார்த்தால் நிறுத்துங்கள். நம்ம அவித்த கடலையேதான், உப்புதான் இரண்டு மடங்கு. விஸ்கான்சினில் பொரித்த சீஸ் உருண்டை. ஸ்டேடியத்துக்குள் பிரெட்செல், நாச்சோஸ்.

ஆட்டத்துக்கு முன்னால் பார்க்கிங்கில் கூடிச் சாப்பிடுகிற டெயில்கேட்டுக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். தயிர்சாதம் என்றால் ஐஸ் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். செப்டம்பர் வெயிலில் 90 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால், வெளியே எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

கே: அட்லாண்டாவிலிருந்து ஆபர்ன் போகிறோம். எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

ஐ-85-இல் சுமார் 110 மைல். அலபாமா எல்லை தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், போகும்போது லாபம், திரும்பும்போது நஷ்டம். இரவு ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்போது அட்லாண்டா மணி இரண்டுக்குக் குறையாது.

சிகாகோக்காரர்களுக்கு இது தலைகீழ். நோட்ர டேம் பல்கலைக்கழகம் இருக்கும் சவுத் பெண்ட் கிழக்கு நேரம். சவுத் ஷோர் ரயிலில் மில்லேனியம் ஸ்டேஷனிலிருந்து போகலாம், ஆனால் அட்டவணையில் அந்த ஒரு மணி நேரத்தைக் கோட்டைவிடாதீர்கள். ரயில் நிற்பது சவுத் பெண்ட் விமான நிலையத்தில், அங்கிருந்து ஸ்டேடியத்துக்கு வண்டி பிடிக்க வேண்டும். இரவு ஆட்டம் என்றால் திரும்பும் ரயில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாஷ்வில்லிலிருந்து நாக்ஸ்வில் போகிறவர்களுக்கும் வழியில் ஒரு மணி நேரம் போய்விடும்.

கே: கைப்பை, குடை எல்லாம் விடுவார்களா?

குடை அநேகமாக எங்கேயும் விடமாட்டார்கள், பிளாஸ்டிக் மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பை உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்காக, 12×6×12 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு காலன் ஜிப் பையும் செல்லும். சில ஸ்டேடியங்கள் இதைவிடக் கடுமை, அந்தந்த ஊர் விதியைப் பாருங்கள். குழந்தையின் டயப்பர் பைக்கும் தனி விதி உண்டு.

இடி மின்னலுக்கும் தயாராக இருங்கள். 8 மைலுக்குள் மின்னல் விழுந்தால் ஆட்டம் நிற்கும். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் எண்ணுவார்கள், இன்னொன்று விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்டுவிட்டு நகருங்கள்.

கே: விசில், மேளம் கொண்டுபோகலாமா?

வாய் விசிலுக்குத் தடையில்லை. எஸ்இசி ஸ்டேடியங்களில் சத்தக் கருவிகள் கூடாது. மிசிசிப்பி ஸ்டேட்டில் மட்டும் மாட்டு மணிக்கு அனுமதி, அதிலும் பந்து ஆடும் நேரத்தில் ஆட்டக்கூடாது.

கே: எங்க அணி டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு குழந்தைகளோடு எதிரணி ஊருக்குப் போகலாமா? பயமாக இருக்கு அண்ணா.

தாராளமாகப் போங்கள். மாணவர் பகுதிக்குப் பக்கத்தில் மட்டும் டிக்கெட் எடுக்காதீர்கள். குழந்தைகளோடு என்றால் என் தேர்வு அயோவா சிட்டி. முதல் குவார்ட்டர் முடிந்ததும் கின்னிக் ஸ்டேடியம் மொத்தமும் திரும்பி, எதிரே உயர்ந்து நிற்கும் குழந்தைகள் மருத்துவமனை ஜன்னல்களைப் பார்த்துக் கையாட்டும். மேலே நோயாளிக் குழந்தைகள் பதிலுக்குக் கையாட்டுவார்கள். 2017-இல் தொடங்கியது. வந்த அணியின் ரசிகர்களும் சேர்ந்துதான் ஆட்டுகிறார்கள்.

கே: பென் ஸ்டேட் போனவர்கள் பார்க்கிங்கிலிருந்து வெளியே வரவே மூன்று மணி நேரம் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. ஒரு லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் பீவர் ஸ்டேடியம், சுற்றிலும் வயல், மலை, கைவிட்டு எண்ணக்கூடிய சாலைகள். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் நாற்காலியை மறுபடி விரித்து, மீதிச் சாப்பாட்டை எடுத்து வைத்து ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள். அங்கே அதுதான் வழக்கமும்.

வீட்டு முற்றத்தில் காசு வாங்கிக்கொண்டு நிறுத்த விடுகிறவர்களிடம், கொடுப்பதற்கு முன்பே "முன்னால் வேறு வண்டி விடுவீர்களா?" என்று கேளுங்கள். விட்டால் அந்த வண்டிக்காரர் வரும்வரை நீங்கள் கைதி. ஊபர் கூப்பிடுவதானால் ஒரு மைல் நடந்து, போலீஸ் தடுப்பைத் தாண்டி நின்று கூப்பிடுங்கள்.

கே: நவம்பரில் வையோமிங் போகிறோம். ஸ்வெட்டர் போதுமா?

போதாது. லாரமி ஸ்டேடியம் 7,220 அடி, கிட்டத்தட்ட ஊட்டி உயரம். ஆனால் காற்று ஊட்டிக் காற்று இல்லை, ஆளைத் தள்ளும். முதல் நாள் தண்ணீர் நிறையக் குடியுங்கள், பீரைக் குறையுங்கள். குளிர் முதலில் ஏறுவது காலுக்கடியில் இருக்கும் சிமெண்டிலிருந்துதான், அதனால் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து எடுத்துப் போய் ஷூவுக்கு அடியில் போடுங்கள். அலுமினியப் பெஞ்சுக்கு மெத்தைத் துண்டு ஒன்று. டென்வரிலிருந்து காரில் என்றால் ஃபோர்ட் காலின்ஸ் தாண்டி யூஎஸ்-287. பனி விழுந்தால் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள், ஞாயிறு இரவு ஃப்ளைட் போட்டிருந்தால் காலையிலேயே இறங்கிவிடுங்கள்.