சின்னச் சத்தமும் தாங்கவில்லை: வாசகர் கேள்விகளுக்கு ஆடியாலஜிஸ்ட்டின் (செவித்திறன் நிபுணரின்) பதில்கள்

சத்தம் தாங்க முடியவில்லை என்று எழுதியிருக்கும் பலர், கூடவே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்கள்: “வீட்டில் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.” முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இது நடிப்பு இல்லை, பிடிவாதமும் இல்லை. காதும் மூளையும் சேர்ந்து செய்யும் வேலையில் வரும் தொந்தரவு. ஆனால் எல்லோருக்கும் வருவது ஒரே தொந்தரவு இல்லை. எது என்று பிரித்துப் பார்க்காமல் செய்யும் வைத்தியம் சில நேரம் உள்ளதையும் கெடுத்துவிடும்.

கேள்வி: தட்டும் கரண்டியும் உரசினால்கூடக் காதுக்குள் குத்துகிறது. கதவை யாராவது அடித்துச் சாத்தினால் வலி வெகுநேரம் நிற்கிறது. காது பரிசோதனையில் எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்து இரவு வரை இயர் பிளக் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் முன்பைவிட இப்போது அதிகமாகிவிட்டது. ஏன்?

நீங்கள் சொல்வது ஹைப்பரக்யூசிஸ் என்ற நிலையோடு பொருந்துகிறது. மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியும் ஒலி, இவர்களுக்கு அளவுக்கு மீறியதாகவோ வலியாகவோ தெரியும். பரிசோதனை நார்மல் என்று வருவது இதில் சகஜம். வழக்கமான ஆடியோகிராம், எவ்வளவு மெல்லிய ஒலி வரை உங்களுக்குக் கேட்கிறது என்று பார்க்கிறது. எவ்வளவு ஒலியைத் தாங்குகிறீர்கள் என்பது வேறு சோதனை. அதைத் தனியாகக் கேட்டுத்தான் செய்துகொள்ள வேண்டும்.

மோசமானதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த இயர் பிளக்தான். காதிலிருந்து வரும் ஒலி குறைந்தால் மூளை அப்படியே விட்டுவிடாது. சரியாகக் கிடைக்காத வானொலி நிலையத்துக்கு நாம் வால்யூமைக் கூட்டி வைப்பதுபோல, செவிப்பாதையில் உள்ள நரம்புகள் தங்கள் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றன. பிளக்கைக் கழற்றும்போது அந்தக் கூடிய நிலையிலேயே எல்லாம் கேட்கிறது. உடனே பயந்து மறுபடி மாட்டிக்கொள்கிறோம். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், காதில் எந்தக் குறையும் இல்லாதவர்களையே இரண்டு வாரம் இயர் பிளக் போடச் சொன்னார்கள். அவர்கள் ஒலியைத் தாங்கும் அளவு குறைந்தது. அதற்குப் பதிலாக மெல்லிய இரைச்சல் தரும் கருவியை இரண்டு வாரம் காதில் வைத்தபோது தாங்கும் அளவு கூடியது. எந்தத் திசையில் போக வேண்டும் என்பது இதிலேயே இருக்கிறது.

அதற்காக இன்றே எல்லாவற்றையும் கழற்றி எறியச் சொல்லமாட்டேன். அப்படிச் செய்தால் முதல் நாளிலேயே மனம் ஒடிந்துபோகும். வீட்டில் எந்த நேரம் மிக அமைதியாக இருக்குமோ அந்த நேரத்தில் மட்டும் பிளக் இல்லாமல் இருங்கள். அப்போது அறையில் முழு நிசப்தம் வேண்டாம். மின்விசிறியின் ஓசையோ, பதிவு செய்த மழைச் சத்தமோ ஏதாவது ஒன்று பின்னணியில் ஓடட்டும். கவனித்துக் கேட்டால் கேட்க வேண்டும், கவனிக்காவிட்டால் மறந்துபோக வேண்டும், அந்த அளவு போதும். கொஞ்சம்கூட எரிச்சல் தரக் கூடாது. தூங்கும்போதும் அதை விட்டு வைக்கலாம். அது பழகிய பிறகு, பிளக் இல்லாத நேரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள். ஒரு நாள் சரியில்லை என்றால் முந்தைய நாளின் அளவுக்குத் திரும்புங்கள், பழைய நிலைக்கு முழுவதுமாகப் போய்விடாதீர்கள். இது வாரக்கணக்கில், பலருக்கு மாதக்கணக்கில் நடக்கும் காரியம். ஆடியாலஜிஸ்ட் ஒருவர் கூட இருந்து அளவைப் பார்த்துக் கூட்டிக்கொண்டே போனால் வழி தவறாது.

பிளக்குக்கு உரிய இடம் இருக்கிறது. துளையிடும் இயந்திரம், பெரிய ஒலிபெருக்கி, வெடிச் சத்தம் போன்ற, யார் காதுக்கும் கெடுதலான இடங்களில் கட்டாயம் போடுங்கள். 85 டெசிபலுக்கு மேல் நெடுநேரம் இருந்தால் நல்ல காதும் கெடும். சாதாரணப் பேச்சு 60 டெசிபலை ஒட்டித்தான் இருக்கும். பேச்சுக்கும் பாத்திரத்துக்கும் பிளக் தேவைப்படுகிறது என்றால் அதுதான் நாம் மாற்ற வேண்டியது.

கேள்வி: வெடிச் சத்தம்கூட எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் என் கணவர் சாப்பிடும்போது மெல்லுகிற சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுகிறேன். அப்புறம் அழுகை வருகிறது. அவர் நல்லவர். நான்தான் கெட்டவளா?

இல்லை. உங்களுக்கு இருப்பது மிசோஃபோனியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் ஒலியின் அளவு பிரச்சினையே இல்லை. குறிப்பிட்ட சில ஒலிகள்தான் பிரச்சினை. மெல்லுவது, உறிஞ்சுவது, மூக்கை இழுப்பது, தொண்டையைச் செருமுவது, பேனாவைச் சொடுக்குவது. எவ்வளவு மெதுவாக வந்தாலும் அது காதில் பட்ட நொடியே கோபமும் அருவருப்பும் பொங்கும். மிக நெருங்கியவர்கள் எழுப்பும் சத்தம்தான் பலரை அதிகம் தாக்குகிறது. குற்ற உணர்ச்சி இத்தனை கனமாக இருப்பதும் அதனால்தான்.

2017-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் இப்படிப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். தொல்லை தரும் ஒலி கேட்டதும், எது முக்கியம் என்று உடலுக்குச் சொல்லும் இன்சுலா என்ற பகுதி மற்றவர்களைவிட மிக அதிகமாக வேலை செய்தது. இதயத் துடிப்பும் வியர்வையும் கூடவே ஏறின. அதே குழுவினர் 2021-ல் இன்னொன்றைக் கண்டார்கள். கேட்கும் பகுதிக்கும், வாயையும் முகத்தையும் அசைக்கும் பகுதிக்கும் இடையே இவர்களுக்குத் தொடர்பு வலுவாக இருக்கிறது. எதிரே ஒருவர் மெல்லும்போது தன் வாய்க்குள் யாரோ புகுந்துவிட்டதுபோல இருக்கிறது என்று பலர் சொல்வது இதோடு ஒத்துப்போகிறது. சிலர் தங்களை அறியாமல் அதே சத்தத்தைத் திருப்பிச் செய்து ஆறுதல் தேடுவதும் உண்டு. கேலி செய்கிறார்கள் என்று எதிரே இருப்பவர் எடுத்துக்கொண்டு வீட்டில் சண்டையே வந்துவிடும்.

“கேட்டுக் கேட்டுப் பழகிக்கோ” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் இது தணிவதில்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தத்தோடு கோபமும் சேர்ந்து பதிகிறது. கணவரிடம் பேசுங்கள், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். இருவரும் அமைதியாக இருக்கும் வேறொரு நேரத்தில், “நீங்கள் சரியாகத்தான் சாப்பிடுகிறீர்கள், என் மூளைக்குத்தான் அந்தச் சத்தம் ஆகவில்லை” என்று தொடங்குங்கள். சாப்பிடும்போது பாட்டோ வானொலியோ ஓடட்டும். எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள், வாய் அசைவதைப் பார்ப்பதே சிலருக்குப் பற்றவைக்கும். தாங்கவில்லை என்றால் கோபம் ஏறும் முன்பே சாதாரணமாக எழுந்துபோய்த் திரும்பி வரலாம் என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தால் தீரும் விஷயமாக இதை யாரும் நிரூபிக்கவில்லை. சிபிடி என்ற அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2020-ல் வெளியான சோதனையில், சிகிச்சை பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். எல்லோருக்கும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் ஒருவருக்கும் அந்த அளவு முன்னேற்றம் வரவில்லை.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. பொதுக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறாள். வீட்டில் வேக்யூம் கிளீனரைப் பார்த்தாலே ஓடுகிறாள். ஆட்டிசமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

ஒலிக்குப் பயப்படுவது ஒன்றை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று சொல்ல முடியாது. இந்த வயதில் நிறையக் குழந்தைகளுக்கு இது வந்து போகும். பேச்சு, கண் பார்த்துப் பழகுவது, மற்ற குழந்தைகளோடு விளையாடுவது ஆகியவற்றிலும் சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தை பொய் சொல்லவில்லை என்பதையும் நம்புங்கள். கனடாவில் ஒரு சிறுமி பொதுக் கழிப்பறைகளில் கை உலர்த்தும் இயந்திரங்களின் சத்தத்தைக் குழந்தைகளின் காது உயரத்திலும் வைத்து அளந்தாள். அவளுடைய 13-வது வயதில், 2019-ல், அந்த ஆய்வு ஒரு குழந்தை மருத்துவ இதழில் வெளிவந்தது. சில இயந்திரங்கள் 100 டெசிபலைத் தாண்டின. பெரியவர்களுக்கு இடுப்பளவில் இருக்கும் இயந்திரம் குழந்தைக்குக் காதருகில் இருக்கிறது. அங்கே காதை மூடிவிடுங்கள், அல்லது காகிதத்தில் கையைத் துடையுங்கள். தவறே இல்லை.

வேக்யூம் கிளீனரைப் பழக்கலாம். முதலில் மின் இணைப்புக் கொடுக்காமல் நடு அறையில் வையுங்கள். அவள் தொடட்டும், குழாயைத் தூக்கிப் பார்க்கட்டும், மேலே பொம்மையை உட்கார வைக்கட்டும். சில நாள் கழித்து அடுத்த அறையில், கதவைச் சாத்தி, சில நொடி மட்டும் ஓட்டுங்கள். பிறகு கதவைத் திறந்து வைத்து. கடைசியாக ஸ்விட்சை அவள் விரலுக்குக் கொடுங்கள். “ஒன்று, இரண்டு, மூன்று” என்று அவளே எண்ணிப் போடட்டும், அவளே அணைக்கட்டும். திடீரென்று வரும் சத்தத்துக்கும் தானே வரவழைத்த சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அவள் முகத்திலேயே தெரியும். பின்னால் போய்த் திடீரென்று போட்டுப் “பார், ஒன்றும் இல்லை” என்று மட்டும் காட்டாதீர்கள்.

கேள்வி: அலுவலகத்தில் கீபோர்டு தட்டும் சத்தம், பக்கத்து மேசைப் பேச்சு இரண்டும் வேலை செய்ய விடுவதில்லை. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அது என்ன செய்யும் என்று தெரிந்து வாங்குங்கள். ஏசி, விமான இன்ஜின் போல ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலை அது நன்றாகக் குறைக்கும். டக்கென்று வரும் கீபோர்டு சத்தத்தையும் பேச்சையும் அந்த அளவுக்குக் குறைக்காது. இரைச்சல் போன பிறகு அந்த டக் டக் இன்னும் தெளிவாகக் கேட்கக்கூடும். மெல்லிய மழைச் சத்தத்தை அதில் ஓட விட்டால் பலன் கூடும். நாள் முழுவதும் மாட்டிக்கொண்டே இருக்க வேண்டாம், முதல் கேள்விக்கான பதில் உங்களுக்கும் பொருந்தும்.

1960-களின் இறுதியில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். இரைச்சலுக்கு நடுவே வேலை செய்தவர்களில் சிலருக்கு மட்டும், “வேண்டுமானால் நிறுத்திக்கொள்ளலாம், முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள்” என்று ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். அழுத்தாமல் இருந்தவர்கள்கூட, பொத்தானே இல்லாதவர்களைவிட அடுத்து வந்த வேலையை நன்றாகச் செய்தார்கள். எழுந்துபோய் உட்கார ஓர் அமைதியான அறை உண்டு என்று உங்கள் மேலாளரிடம் பேசி உறுதி செய்துகொண்டால், அங்கே தினமும் போகாவிட்டாலும் அது உதவும்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. மெதுவாகப் பேசினால் “என்ன?” என்கிறார். கொஞ்சம் குரலை உயர்த்தினால் “ஏன் கத்துகிறாய்?” என்கிறார்.

இரண்டுமே உண்மை. வயதாகும்போது உட்காதில் ஒலியை உணரும் மயிர் செல்கள் குறைகின்றன. மெல்லிய ஒலி கேட்காமல் போகிறது, ஆனால் பெரிய ஒலி பழையபடி பெரிதாகவே கேட்கிறது. நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. குரலை உயர்த்தாமல் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். காது கருவி வாங்கும்போது, அதிகபட்ச ஒலி எவ்வளவு வரை போகலாம் என்பதை அவரை வைத்தே சோதித்து அமைக்கச் சொல்லுங்கள். அதைச் சரியாக அமைக்காத கருவிகள்தான் பெரும்பாலும் அலமாரிக்குப் போகின்றன.

கேள்வி: ஒரே காதில் மட்டும் திடீரென்று எல்லாம் பெரிதாகக் கேட்கிறது. முகமும் அந்தப் பக்கம் சற்றுக் கோணியிருக்கிறது.

இதை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், பக்கவாதம் இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். முக நரம்பு வாதமாக இருந்தாலும், சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது. நடுக்காதில் பெரிய ஒலியை மட்டுப்படுத்தும் குட்டித் தசை ஒன்று இருக்கிறது, அதற்கும் அந்த நரம்புதான் போகிறது. நரம்பு தேறும்போது பெரும்பாலும் சத்தமும் அடங்கிவிடும்.

வேறு சிலருக்குத் தன் கண் அசைவதே காதில் கேட்கும், சத்தம் பட்டால் தலை சுற்றும். உட்காதின் மேல் எலும்பில் சிறு திறப்பு இருந்தால் இப்படி வரும். 1998-ல்தான் மருத்துவ உலகம் இதை விவரித்தது. இ.என்.டி. மருத்துவரிடம் இந்த இரண்டையும் மறக்காமல் சொல்லுங்கள். தலைவலியோடு மட்டும் சத்தம் தாங்காமல் போனால் ஒற்றைத் தலைவலியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

கேள்வி: பரிசோதனைக்கே பயமாக இருக்கிறது. பெரிய சத்தம் வைத்துப் பார்ப்பார்களா?

ஆடியோகிராமில் கேட்பவை மெல்லிய ஒலிகள், பயம் வேண்டாம். நடுக்காதுத் தசையைச் சோதிக்கும் ரிஃப்ளெக்ஸ் சோதனையில்தான் பெரிய ஒலி வரும். உள்ளே போகும்போதே உங்கள் பிரச்சினையைச் சொல்லி, அதைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். தாங்கும் அளவைப் பார்க்கும் சோதனையில் ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள், நீங்கள் கையைத் தூக்கினால் அங்கேயே நிறுத்த வேண்டும். எம்ஆர்ஐ ஸ்கேன் இயந்திரம் பெரிய சத்தம் போடும்; அதை எடுக்கச் சொன்னால் காதுக்குள் பிளக், மேலே காதை மூடும் இயர் மஃப் இரண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.