மகள் ‘இன நீதி நிதியம்’ நடத்த ஆசைப்படுகிறார்: எங்கே தொடங்குவது, என்ன கற்பது?

உங்கள் மகள் நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி ஆண்டில் இருக்கிறார். சாஃப்ட்வேர் வேலைக்கான ஆஃபர் கையில் இருக்கிறது. அவருக்கோ மனம் வேறு பக்கம். முக அடையாளக் கருவியும் கடன் அல்காரிதமும் விளம்பரத் தளமும் கறுப்பின மக்களுக்கும் குடியேறிகளுக்கும் இழைக்கும் அநீதியை எதிர்த்துப் போராடும் அமைப்புகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பணம் வழங்கும் நிதியம் ஒன்றை ஒருநாள் தலைமையேற்று நடத்த வேண்டும் என்கிறார். “இது வேலையா, தொண்டா? நாளைக்கு வாடகை கட்ட முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா.

வேலைதான். சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு எல்லாம் உண்டு. ஆனால் 22 வயதில் நேராகப் போய் உட்காரும் நாற்காலி அல்ல அது. பத்து, பன்னிரண்டு ஆண்டுப் பாதை. அந்த ஆண்டுகளை எப்படிச் செலவிடுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில், இந்த நிதியங்கள் எதற்குப் பணம் கொடுக்கின்றன என்று பாருங்கள். 2018-இல் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் 3 நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தது. வெளிர்நிற ஆண்கள் விஷயத்தில் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 சதவீதம் வரை போனது. இரண்டே ஆண்டில் இந்த வகைத் தொழில்நுட்பம் ஒரு வீட்டு வாசலுக்கே வந்தது. 2020 ஜனவரியில், டெட்ராய்ட் புறநகர் ஒன்றில், ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரை அவருடைய மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டு முன்புறத்திலேயே விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். கடைத் திருட்டு ஒன்றின் மங்கலான கேமரா படத்தை மென்பொருள் அவர் முகத்தோடு தவறாகப் பொருத்தியிருந்தது. சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார். வழக்கு 2021-இல் தொடுக்கப்பட்டது. 2024 ஜூனில் 3 லட்சம் டாலர் இழப்பீட்டோடு சமரசம் ஏற்பட்டது. முக அடையாளப் பொருத்தம் ஒன்றை மட்டும் வைத்து இனி யாரையும் கைது செய்யக் கூடாது என்று டெட்ராய்ட் காவல்துறை ஒப்புக்கொண்டது.

கைதிலிருந்து சமரசம் வரை நாலரை ஆண்டு. இப்படிப்பட்ட வேலையைச் செய்யும் வழக்கறிஞர்கள், ஆய்வாளர்கள், தெருத்தெருவாகப் போய் மக்களைத் திரட்டுகிறவர்கள் யாருக்கும் பாதிக்கப்பட்டவர் சம்பளம் கொடுப்பதில்லை. அந்தச் சம்பளத்தில் பெரும்பங்கு நன்கொடையிலிருந்து வர வேண்டும். ஓராண்டு மானியம் மட்டும் கொடுக்கும் நிதியம் இந்த வேலைக்கு உதவாது. இதை உள்ளங்கைபோல் அறிந்தவர்தான் தலைமைக்குத் தகுதியானவர்.

பணம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் தங்கள் முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் ஏறக்குறைய 5 சதவீதத்தை ஒவ்வொரு ஆண்டும் அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். ஃபோர்டு, மெக்ஆர்தர் போன்ற பெரிய அறக்கட்டளைகள் பெரிய காசோலை எழுதவே பழகியவை. ஊருக்குள் 3 பேரோடு இயங்கும் அமைப்பு அவர்கள் கண்ணில் படுவதில்லை. அதனால் பல அறக்கட்டளைகள் சேர்ந்து ஒரு பொது நிதியத்தில் பணத்தைப் போடும். அந்த நிதியம் சிறு அமைப்புகளைத் தேடிப் பிரித்துக் கொடுக்கும். உங்கள் மகள் சொல்வது பெரும்பாலும் இந்த வகைப் பொது நிதியத்தைத்தான். இப்படிப்பட்ட நிதியம் தனி நிறுவனமாகப் பதிவு செய்யாமல், ஏற்கெனவே வரிவிலக்குப் பெற்ற ஒரு தாய் நிறுவனத்தின் குடையின் கீழ் இயங்குவது வழக்கம். ‘ஃபிஸ்கல் ஸ்பான்சர்’ என்பார்கள். சம்பளப் பட்டியல், தணிக்கை, வரிப் படிவம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்குக் கட்டணம் உண்டு. 5 முதல் 15 சதவீதம் வரை பார்க்கலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் வரும் நிதியம். ஸ்பான்சர் கட்டணம் 8 சதவீதம் என்றால் 2.4 லட்சம் போயிற்று. 4 ஊழியர்களின் சம்பளம், காப்பீடு 7 லட்சம். ஆலோசனைக் குழுவுக்கு மதிப்பூதியம், மொழிபெயர்ப்பு, பயணம், வழக்கறிஞர் 1.6 லட்சம். மீதி 19 லட்சம். தலைக்கு 1 லட்சம் என்றால் 19 அமைப்புகள். விண்ணப்பிப்பவை நூற்றுக்கணக்கில் இருக்கும். இப்போது அந்த 30 லட்சத்தில் 12 லட்சம் ஒரே அறக்கட்டளையின் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு அங்கே தலைவர் மாறுகிறார், முன்னுரிமை மாறுகிறது, பணம் நிற்கிறது. நிதியத்தின் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே கடிதத்தில் போய்விடும். ஆனால் 19 அமைப்புகளுக்கும் இரண்டாம் ஆண்டுப் பணம் தருவதாக ஏற்கெனவே கையெழுத்து போட்டாயிற்று. இந்தத் துறையில் நிதியங்கள் சாய்வதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான். நல்ல தலைவர் முதல் ஆண்டிலிருந்தே கையிருப்பு ஒதுக்குவார். வந்து சேராத வாக்குறுதியை நம்பி மானியக் கடிதம் அனுப்ப மாட்டார். தன் வேலை நேரத்தில் பாதியைப் பணம் திரட்டுவதற்கே கொடுப்பார். மகளிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். கொடுக்கும் வேலை என்று நினைத்து வருகிறவர்கள், கேட்கும் வேலையைப் பார்த்துத் திகைத்துப் போகிறார்கள்.

அமெரிக்க வரிச் சட்டத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பல சிறு அமைப்புகள் தங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காவது பொதுமக்கள் ஆதரவு என்று காட்ட வேண்டும். ஐந்தாண்டு மொத்தத்தை வைத்து இது கணக்கிடப்படும். ஐந்தாண்டில் மொத்தம் 10 லட்சம் டாலர் பெற்ற அமைப்பை எடுத்துக்கொள்வோம். தனியார் அறக்கட்டளை ஒன்று அதில் 3 லட்சம் கொடுத்திருந்தால், பொது ஆதரவாக எண்ணப்படுவது மொத்தத்தில் 2 சதவீதமான 20,000 டாலர்தான். அதே 3 லட்சம் ஒரு பொது நிதியத்தின் சுதந்திரமான முடிவாக வந்திருந்தால் முழுவதும் எண்ணப்படும். நல்லெண்ணத்தோடு கொடுத்த பெரிய மானியமே ஒரு சிறு அமைப்பின் வரிநிலையை ஆட்டிவிடலாம் என்று நிதியங்களில் வேலை செய்யும் பல இளம் அதிகாரிகளுக்குத் தெரிவதில்லை. விதிவிலக்குகள் உண்டு, அதற்காகத்தான் வழக்கறிஞர்.

சட்டமியற்றச் சொல்லிப் பிரதிநிதிகளை வலியுறுத்தும் லாபி வேலையைக் கண்டு அவர்கள் பயப்படுவதும் விதி தெரியாததால்தான். தனியார் அறக்கட்டளை லாபிக்கென்று ஒதுக்கிப் பணம் தர முடியாது. ஆனால் பொதுச் செலவுக்கான மானியம் தரலாம். பெறும் அமைப்பு சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு லாபி செய்யலாம். லாபிச் செலவுக்குத் தெளிவான வரம்பு வைக்கும் 501(எச்) என்ற வரிச் சட்டப் பிரிவைத் தேர்ந்துகொண்ட அமைப்பு, தன் செலவில் முதல் 5 லட்சம் டாலருக்கு 20 சதவீதம் வரை அதற்குச் செலவிடலாம். அரசுத் துறைகள் முக அடையாளத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதை 2019 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம் தடை செய்தது. அதுபோன்ற தீர்மானங்கள் நகர மன்றக் கதவைப் பலமுறை தட்டியவர்களால்தான் வருகின்றன.

இன்றைய நிலவரத்தையும் மறைக்கக் கூடாது. அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் நிதியம் கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் 20,000 டாலர் மானியம் கொடுத்துவந்தது. 1866-ஆம் ஆண்டுச் சிவில் உரிமைச் சட்டத்தின் வழியில் வந்த, ஒப்பந்தங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவை வைத்தே அதன்மீது வழக்குப் போட்டார்கள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிதியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. செப்டம்பரில் அந்த மானியத் திட்டம் மூடப்பட்டது. விடுதலையான அடிமைகளைக் காக்க எழுதிய சட்டம் இப்படித் திரும்பியது நெஞ்சை வலிக்கச் செய்கிறது. 2025 ஜனவரியில் வந்த அதிபர் ஆணையும் 50 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள அறக்கட்டளைகளை விசாரணைக்கு உரியவர்களின் பட்டியலில் சேர்த்தது. இதன் நடைமுறை விளைவு: மானிய அறிவிப்பில் யார் விண்ணப்பிக்கலாம் என்பதை இனத்தை வைத்து எழுதாமல், என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை வைத்து எழுதுகிறார்கள். நோக்கம் மாற வேண்டியதில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் வழக்கறிஞர் பார்க்க வேண்டும்.

இனி மகளின் பாதை. ஆஃபரை மறுக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். கல்விக் கடன் இருந்தால் இரண்டு, மூன்று ஆண்டு அந்த வேலையைச் செய்யட்டும். ஆனால் எந்தக் குழு என்று பார்த்துச் சேரட்டும். விளம்பரம் யாரைச் சென்றடைகிறது, கடன் அல்காரிதம் யாரைத் தள்ளுகிறது என்பதைத் தொடும் குழுவாக இருந்தால் அந்த அறிவு பிறகு பொன். வீட்டு விளம்பரங்கள் இனவாரியாகப் பிரிந்து போகின்றன என்ற வழக்கில் மெட்டா 2022 ஜூனில் அமெரிக்க நீதித் துறையோடு சமரசம் செய்து, விளம்பர விநியோக முறையையே மாற்ற ஒப்புக்கொண்டது. அப்படி ஒரு ஒப்பந்தம் உண்மையில் நிறைவேறுகிறதா என்று படித்துப் புரிந்துகொள்ளும் ஆட்கள் நிதியங்களில் அரிது.

அதே காலத்தில், ஊரில் உள்ள ஏதாவது ஒரு சிறு தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் பொருளாளராகச் சேரட்டும். முதுகலைப் பட்டத்தைவிட இதைத்தான் நான் முதலில் சொல்வேன். மூன்று மாதச் சம்பளத்துக்கு மட்டும் கையிருப்பு உள்ள அமைப்பு, மானியம் தாமதமாகும்போது என்ன பாடுபடுகிறது என்பதை வங்கிக் கணக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர், பின்னாளில் 40 பக்க அறிக்கை கேட்கும் அதிகாரியாக மாற மாட்டார்.

அடுத்து, மானியம் பெறும் பக்கத்தில் முழுநேர வேலை: டிஜிட்டல் உரிமை அமைப்பிலோ, சிவில் உரிமை வழக்கறிஞர் குழுவிலோ, ஆய்வு மையத்திலோ நான்கைந்து ஆண்டு. பிறகு அறக்கட்டளையில், எந்த அமைப்புக்கு மானியம் தரலாம் என்று பரிந்துரைக்கும் புரோகிராம் ஆஃபீசர். அல்லது மானியப் பணத்தையும் ஆவணங்களையும் கவனிக்கும் கிராண்ட்ஸ் மேனேஜராகத் தொடங்கி உள்ளிருந்தே ஏறலாம். இந்த இரண்டாவது வழியை மக்கள் மதிப்பதில்லை. ஆனால் பணம் எங்கே சிக்குகிறது என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தலைமைக்கு வந்தவர்களின் தடங்களும் பலவகை. 2013 முதல் 2025 வரை ஃபோர்டு அறக்கட்டளைத் தலைவராக இருந்த டேரன் வாக்கர் சட்டம் படித்து, வங்கியில் இருந்து, பிறகு ஹார்லெமில் வீடு கட்டித்தரும் சமூக அமைப்பில் வேலை செய்தவர். ஐரோப்பாவில் டிஜிட்டல் உரிமை வழக்குகளுக்கு நிதி தரும் டிஜிட்டல் ஃப்ரீடம் ஃபண்டைத் தொடங்கி நடத்திய நானி யான்சன் ரெவன்ட்லோவ் மனித உரிமை வழக்கறிஞர்.

புரோகிராம் ஆஃபீசரின் முக்கிய வேலை, ஒவ்வொரு மானியத்துக்கும் இரண்டு, மூன்று பக்கக் குறிப்பு எழுதுவது. இந்த அமைப்பு யார், யாருக்குப் பதில் சொல்கிறது, இந்தப் பணம் எதை மாற்றும், எது தவறக்கூடும், எவ்வளவு கொடுக்கலாம், ஏன். புதியவர்கள் ‘எது தவறக்கூடும்’ என்ற இடத்தில் இரண்டு வரியோடு ஓடிவிடுவார்கள். மானியத்தை முடிவு செய்யும் குழுவினர் முதலில் புரட்டுவது அந்தப் பத்தியைத்தான். அமைப்பின் நிறுவனர் களைத்துப்போயிருக்கிறார், அடுத்த ஆள் தயாராக இல்லை என்பது தெரிந்தால் அதை எழுத வேண்டும். எழுதிவிட்டு, அதனாலேயே மானியத்தைக் கூட்டிக் கொடுக்கப் பரிந்துரைக்கவும் துணிவு வேண்டும்.

சம்பளத்தைப் பற்றி: நியூயார்க், கலிஃபோர்னியா, கொலராடோ மாநிலங்களில் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்பது சட்டம். 5 விளம்பரங்களை எடுத்து வைத்துப் பாருங்கள், சந்தேகம் தீரும். பெரிய டெக் கம்பெனியைவிடக் குறைவுதான். கௌரவமாக வாழப் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து மாணவர் விசாவில் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. படிப்புக்குப் பிந்தைய 12 மாத வேலை அனுமதியை, அறிவியல்-தொழில்நுட்பப் பட்டம் என்றால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். ஆனால் நிறுவனம், ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை முறையில் பதிந்திருக்க வேண்டும், வேலை படிப்போடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். பல சிறு அமைப்புகள் பதிந்திருப்பதில்லை. நேர்காணலிலேயே கேட்டுவிட வேண்டும். எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலிலிருந்து பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற அமைப்புகள், லாபநோக்கற்ற ஆய்வு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. மானியம் மட்டும் வழங்கும் நிதியத்துக்கு அந்த விலக்கு பொதுவாகக் கிடைக்காது. அதனால் பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் தொடங்குவது அவர்களுக்குப் பாதுகாப்பு. இந்தியாவுக்கு நிதி கொண்டுபோகலாம் என்று கனவு காண்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி, அந்தப் பணத்தைப் பெற்ற அமைப்பு வேறொரு அமைப்புக்கு அதைக் கைமாற்றித் தர முடியாது. பொது நிதியம் என்ற வடிவமே அங்கே செல்லாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அம்மா. இன நீதி பேசும் அறையில் ஒரு தமிழ்ப் பெண் உட்காரும்போது சாதி பற்றிய கேள்வி வரும். வர வேண்டும். தலித் உரிமை அமைப்பான ஈக்வாலிட்டி லேப்ஸைத் தொடங்கிய தேன்மொழி சௌந்தரராஜன் போன்றவர்கள், டிஜிட்டல் உலகிலும் வேலையிடத்திலும் சாதி எப்படி இயங்குகிறது என்பதை அமெரிக்காவில் பேசவைத்திருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியா ஆளுநர் அப்படியொரு மசோதாவை நிராகரித்தார். இதைப் பற்றி உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதுவரை பேசியதில்லை என்றால், மகள் வேலைக்குப் போவதற்கு முன் பேசுங்கள். மற்றவர்களுக்கு நடக்கும் அநீதியை எதிர்க்க நிதி ஒதுக்குகிறவர் தன் வீட்டுக் கதையைச் சொல்லத் தெரியாமல் நிற்கக் கூடாது.

இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990-பிஎஃப் படிவம் பொது ஆவணம். ப்ரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மகள் மதிக்கும் அறக்கட்டளை ஒன்றின் கடைசி 3 ஆண்டுப் படிவங்களை இறக்கி, மானியப் பட்டியலை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போடட்டும். யாருக்கு எவ்வளவு, மூன்று ஆண்டும் தொடர்ந்து பெற்றவர்கள் யார், ஒருமுறை மட்டும் பெற்றவர்கள் யார் என்று பிரிக்கட்டும். ஒரு வார இறுதி போதும். அது முடிந்த பிறகும் கண்ணில் அதே வெளிச்சம் இருந்தால், அடுத்த கட்டத்தைப் பேச இருவரும் சேர்ந்தே வாருங்கள்.