மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை நோயாளியின் இதயத்துக்கு நல்லதா?

சர்க்கரைக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழ் மாவுச்சத்து எடுப்பதைத்தான் பொதுவாகக் குறைமாவு உணவு என்பார்கள். டைப் 2 உள்ளவர்களுக்கு முதல் ஆறு மாதங்களில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரை அளவு), எடை, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) மூன்றும் நன்றாக இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மங்கிவிடுகிறது. கட்டுப்பாட்டை நீண்ட நாள் தொடர்வது கடினம் என்பது அதற்கு ஒரு காரணம்.

இதயத்தைப் பொறுத்தவரை எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்டிராலைப் பார்க்க வேண்டும். சிலருக்கு அது அசையாது, சிலருக்குக் கிடுகிடுவென ஏறிவிடும். மாவுச்சத்தை எடுத்த இடத்தில் எதை வைத்தீர்கள் என்பதுதான் முக்கியம். வெண்ணெயும் பதப்படுத்திய இறைச்சியும் வந்து உட்கார்ந்தால், சர்க்கரை குறைந்தும் ரத்தக்குழாய்க்கு ஆபத்து கூடலாம். கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய், நிறையக் காய்கறி என்றால் கதையே வேறு. 'சர்க்கரை நார்மல் ஆகிவிட்டது, இனி கொலஸ்டிரால் மாத்திரை வேண்டாம்' என்று நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், உணவை மாற்றும் முன்பே மருத்துவரிடம் பேசி அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் தாழ்சர்க்கரை (ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது) வரலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தான நிலை) வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உணவை மாற்றி மூன்று மாதத்தில் எச்பிஏ1சியோடு லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனையும் எடுத்துப் பாருங்கள்.