சிரித்தது யார்? மகாபாரத வாசிப்பு: வாசகர் கேள்வி – பதில்

முழு மகாபாரதத்தையும் படித்துவிட வேண்டும் என்று மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் ஆதி பர்வத்திலேயே நின்றுவிட்டது. பாம்பும் கருடனுமாகவே போகிறது, பாண்டவர்கள் வந்தபாடில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

நீங்கள் நின்ற இடத்தில் நின்றவர்கள் ஏராளம். ஆதி பர்வத்தின் முதல் ஐம்பது அத்தியாயங்களும் திண்ணைப் பேச்சுதான்: உதங்கன், ருரு, கருடன், ஜனமேஜயனின் பாம்பு வேள்வி. குரு வம்சக் கதை சூடு பிடிப்பது சம்பவ பர்வம் என்ற உட்பிரிவில். எனவே முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நேரே சம்பவ பர்வத்துக்குப் போய்விடுங்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். எல்லாம் இழந்த திருதராஷ்டிரன் அதில் புலம்புகிறான். அர்ஜுனன் வில்லை வளைத்துத் திரௌபதியை வென்றான் என்று கேட்டபோதே வெற்றி மேல் எனக்கிருந்த ஆசை போய்விட்டது சஞ்சயா, சூதில் தோற்ற தருமனைத் தம்பிகள் விட்டுப் பிரியவில்லை என்று கேட்டபோதே போய்விட்டது சஞ்சயா... இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட சுலோகங்கள் ஒரே பல்லவியோடு ஓடும். முழுக்கதையின் சுருக்கமும் அதிலேயே கிடைத்துவிடும்.

விட்ட பாம்புக் கதைக்கு ஆதி பர்வம் முடிந்ததும் திரும்பி வாருங்கள். காண்டவ வனத்தை எரிப்பதோடு அந்தப் பர்வம் முடிகிறது. அந்தத் தீயிலிருந்து தப்பப் பார்க்கும் தட்சகனின் மனைவி அர்ஜுனன் அம்பில் சாகிறாள். அர்ஜுனனின் பேரன் பரீட்சித்தைப் பிற்பாடு கடிப்பது அதே தட்சகன்தான், அதற்குப் பழி வாங்கத்தான் ஜனமேஜயன் வேள்வி நடத்துகிறான். காண்டவத்தைப் படித்துவிட்டு வந்தால் அந்த அத்தியாயங்கள் தாமாகவே ஓடும்.

இன்னொன்று, ‘மாதம் ஒரு பர்வம்’ என்று திட்டம் போடாதீர்கள். பதினெட்டு பர்வங்களும் ஒரே அளவு கிடையாது. மௌசலம், மகாபிரஸ்தானிகம், சுவர்க்காரோகணம் மூன்றும் சேர்ந்தே 17 அத்தியாயங்கள்தான், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். சாந்தி பர்வம் மட்டும் 350 அத்தியாயங்களைத் தாண்டும். அத்தியாயக் கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது. மொத்தம் சுமார் 2,000. தினம் இரண்டு என்றால் 1,000 நாள், அதாவது இரண்டே முக்கால் வருஷம்.

தமிழில் எதைப் படிப்பது? வில்லிபாரதம் போதாதா?

கவிதைக்கு வில்லி போதும், கதைக்குப் போதாது. 4,300-க்கு மேற்பட்ட பாடல்கள் இருந்தும் பத்துப் பருவங்களோடு, அதாவது போர் முடிந்த இரவின் சௌப்திக பருவத்தோடு, நின்றுவிடுகிறது. காந்தாரியின் புலம்பலும், பீஷ்மர் அம்புப் படுக்கையில் சொல்லும் தர்மங்களும், யாதவர்களின் அழிவும் அதற்குப் பிறகு வருபவை. பதினெட்டு பர்வங்களும் உரைநடையில் வேண்டுமென்றால் கும்பகோணம் பதிப்பு என்று எல்லோரும் சொல்லும் ம.வீ. இராமானுஜாசாரியார் பதிப்பு இருக்கிறது. வடசொல் நிறைந்த பழைய நடைதான், நாற்பது ஐம்பது பக்கம் போனால் பழகிவிடும்.

இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் அத்தியாய எண்தான். புனே பண்டார்கர் நிறுவனம் 1919 முதல் 1966 வரை சுவடிகளை ஒப்பிட்டு வெளியிட்ட செம்பதிப்பில் சுமார் 75,000 சுலோகங்களே உண்டு. தென்னாட்டுச் சுவடிகளில் வழங்கும் பாடம் அதைவிடப் பெரியது. அதனால் இதில் 40 என்றிருப்பது அதில் 45 ஆக இருக்கும். எண்ணை விட்டுவிட்டு, உட்பர்வப் பெயரையும் சம்பவத்தையும் வைத்துத் தேடுங்கள்.

ஒரே ஆளுக்குப் பத்துப் பெயர். யார் யாரென்றே புரியவில்லை.

விராட பர்வத்தில் அர்ஜுனனே தன் பத்துப் பெயர்களையும் உத்தரனுக்கு விளக்குகிறான்: அர்ஜுனன், பல்குனன், ஜிஷ்ணு, கிரீடி, சுவேதவாகனன், பீபத்சு, விஜயன், கிருஷ்ணன், சவ்யசாசி, தனஞ்சயன். அந்தப் பட்டியலைப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடிக்கடி வரும் ‘பார்த்தன்’ அந்தப் பத்தில் இல்லை என்பது வேடிக்கை. ‘கிருஷ்ண’ என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். கண்ணனும் கிருஷ்ணன், அர்ஜுனனும் கிருஷ்ணன், வியாசர் கிருஷ்ண துவைபாயனர், திரௌபதி கிருஷ்ணை.

விளிகளில் குழப்பம் இதைவிட அதிகம். ‘பாரதா’ என்றால் அந்தக் குலத்தில் யாராகவும் இருக்கலாம். கேட்பவர் யார் என்று பார்த்தால் தீர்ந்தது. போர்ப் பர்வங்களில் ‘மன்னா’ என்று வந்தால் பெரும்பாலும் சஞ்சயன் திருதராஷ்டிரனிடம் பேசுகிறான். மற்ற இடங்களில் வைசம்பாயனர் ஜனமேஜயனிடம் சொல்கிறார். இந்த இரண்டுக்கும் வெளியே, நைமிசாரண்யத்தில் சூதர் உக்கிரசிரவஸ் சௌனகர் முதலானோருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

படிக்கும்போது தோன்றுவதை நோட்டில் எழுதி வருகிறேன். திருப்பிப் பார்த்தால் எல்லாமே தொலைக்காட்சித் தொடரில் கேட்ட கருத்தாக இருக்கிறது. சொந்தமாக ஒன்றுகூடத் தோன்றவில்லையே?

குறை உங்களிடம் இல்லை, எழுதும் வரிசையில் இருக்கிறது. தீர்ப்பை முதலில் எழுதினால் ஏற்கெனவே கேட்ட தீர்ப்புதான் வரும். பக்கத்தை மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் யார், யாரிடம், எப்போது சொன்னது என்பது. இரண்டாவதில் நூலில் உள்ள செயல் மட்டும். மூன்றாவது பத்தியை அன்றைக்கு நிரப்பாதீர்கள். ஒரு வாரம் கழித்துத் தேதி போட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள். பிறகு கருத்து மாறினால் அடிக்காமல் கீழே இன்னொரு தேதி போட்டு எழுதுங்கள்.

மயன் பாண்டவர்களுக்குக் கட்டித் தந்த சபையை எடுத்துக்கொள்வோம். துரியோதனன் தண்ணீரில் விழுந்தான், திரௌபதி ‘குருடன் மகனும் குருடன்’ என்று சிரித்தாள், அதனால் போர் மூண்டது – ஊரெல்லாம் சொல்லும் கதை இது. செம்பதிப்பின் சபா பர்வத்தில் வைசம்பாயனர் சொல்வதைக் கேளுங்கள். ஸ்படிகத் தரை என்று நினைத்துத் துரியோதனன் குளத்தில் விழுகிறான். வேலைக்காரர்கள் சிரிக்கிறார்கள். தருமனின் கட்டளைப்படி அவனுக்கு மாற்றுடை தருகிறார்கள். பிறகு பீமன், அர்ஜுனன், இரட்டையர் சிரிக்கிறார்கள். திரௌபதி அங்கே இல்லை. ‘குருடன் மகன்’ என்ற பேச்சும் இல்லை.

கொஞ்ச அத்தியாயம் தள்ளி, ஹஸ்தினாபுரம் திரும்பிய துரியோதனன் அதே சம்பவத்தைத் தகப்பனிடம் சொல்கிறான். இப்போது சிரித்தவர்களில் கிருஷ்ணன் சேர்ந்துவிட்டான், பெண்களோடு திரௌபதியும் சேர்ந்துவிட்டாள். முதல் பத்தியில் ‘யார் யாரிடம்’ என்று குறித்திருந்தால் இந்த வித்தியாசம் தானாகக் கண்ணில் படும். அவன் பொய் சொல்கிறானா? அவமானப்பட்டவனின் ஞாபகம் அப்படித்தான் பெருகுமா? சூதாட்டத்துக்குத் தகப்பனைச் சம்மதிக்க வைக்கவா? மூன்றாவது பத்தியில் நீங்கள் எழுதப்போவது எந்தத் தொடரிலும் வந்திருக்காது.

அசுவத்தாமன் விஷயமும் இப்படித்தான். துரோணரை வீழ்த்த, அவர் மகன் அசுவத்தாமன் செத்தான் என்று தருமன் சொல்கிறான்; செத்தது அந்தப் பெயர் கொண்ட யானை. ‘யானை’ என்று தருமன் சொன்னபோது கண்ணன் சங்கை ஊதி அமுக்கிவிட்டான் என்று கேட்டிருப்பீர்கள். துரோண பர்வத்தில் சங்கு கிடையாது. அந்தச் சொல்லைத் தெளிவில்லாமல் முணுமுணுப்பவன் தருமனே. அதுவரை தரையில் படாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவன் தேர் அந்தக் கணத்தில் மண்ணைத் தொடுகிறது. சங்கு இருந்தால் பழி கண்ணன் தலையில் விழும். இல்லையென்றால் தருமன் தலையில்தான். நோட்டில் முன்பு சங்குக் கதையை வைத்து ஏதாவது எழுதியிருந்தால், அதை அப்படியே விட்டுவிட்டுக் கீழே புதுத் தேதி போடுங்கள்.

நாட்டுப்புற வழக்கு பொய் என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். அரவான் களப்பலி வியாசரில் இல்லை, அங்கே இராவான் எட்டாம் நாள் போரில் சாகிறான். அதற்காக அரவானுக்கு எடுக்கும் கூவாகம் திருவிழா இல்லாமல் போய்விடுமா? எது எங்கிருந்து வந்தது என்று பக்கவாட்டில் ஒரு சொல் போட்டுக்கொண்டால் போதும்: வியாசர், வில்லி, கூத்து, பாட்டி.

பகவத் கீதை தனியாகப் படித்தாயிற்று. பீஷ்ம பர்வத்தில் அந்தப் பகுதியைத் தாண்டிவிடலாமா?

தாண்டாதீர்கள். வரிசையாகப் படித்தால்தான் ஒன்று தெரியும்: கீதை தொடங்குமுன்பே சஞ்சயன் வந்து ‘பீஷ்மர் வீழ்ந்தார்’ என்று சொல்லிவிடுகிறான். பத்து நாள் போர் முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் திருதராஷ்டிரன், தர்மக்ஷேத்திரமான குருக்ஷேத்திரத்தில் என் மக்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறான். தனிப் புத்தகமாகப் படித்தபோது சாதாரண விசாரிப்பாகத் தெரிந்த அந்த முதல் கேள்வி இங்கே வேறு குரலில் கேட்கும்.

துரோண, கர்ண, சல்லிய பர்வங்களிலும் சேனாபதி செத்த செய்தி முதலில், நடந்தது பிறகு. இது தெரியாமல் ‘செத்தவர் எப்படி மறுபடி சண்டை போடுகிறார்’ என்று குழம்புகிறவர்கள் உண்டு. ஒரு தாளில் நாள் குறித்துக்கொள்ளுங்கள்: 10 பீஷ்மர், 13 அபிமன்யு, 14 ஜயத்ரதன், அன்றிரவே கடோற்கசன், 15 துரோணர், 17 கர்ணன், 18 சல்லியனும் துரியோதனனும். அம்பு மழை வர்ணனை அலுத்தால் வேகமாக ஓட்டலாம். திருதராஷ்டிரன் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கும் இடங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

வீட்டில் பாரதம் படித்தால் சண்டை வரும் என்று மாமியார் தடுக்கிறார்.

அவருடைய பயத்தோடு வாதம் வேண்டாம். திரௌபதி அம்மன் கோயில்களில் திருவிழா நாள்களில் பாரதம் படிப்பதும் கூத்துக் கட்டுவதும் காலம் காலமாக நடக்கிறது என்று எடுத்துச் சொல்லலாம். கேட்பவருக்கு நன்மை என்று நூலின் கடைசிப் பர்வமே சொல்கிறது. அதற்கும் அவர் இறங்கி வராவிட்டால் விராட பர்வத்தில் தொடங்குங்கள். அதைப் படித்தால் மழை வரும் என்ற நம்பிக்கை அவருக்கும் தெரிந்திருக்கும். எழுபது அத்தியாயம் போல இருக்கும். பீமன் சமையற்கட்டில் நிற்கிறான், அர்ஜுனன் நாட்டியம் சொல்லித் தருகிறான். சத்தமாகப் படித்தால் அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் கீசக வதம் இரவில் நடக்கிறது, கொஞ்சம் கோரமாகவும் இருக்கும். அந்த அத்தியாயங்களை மட்டும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.