கொட்டக் கொட்டக் குளவி ஆகுமா?

வாசகர் கேள்விகளுக்கு உச்சிப்புளியில் தென்னை வளர்க்கும் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் வீட்டு நிலைக்கதவு மூலையில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. புழுவைக் கொண்டுவந்து அடைத்துக் கொட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் புழுவே குளவியாகிவிடும் என்கிறார் அப்பத்தா. உண்மையா? கூட்டை இடித்துவிடலாமா? (வாசகி, தேவிபட்டினம்)

பதில்: இடிக்காதீர்கள் அம்மா. அப்பத்தா கண்ணால் பார்த்ததெல்லாம் சரிதான். குளவி புழுவைத் தூக்கி வந்ததைப் பார்த்திருக்கிறார், வாயை மண்ணால் பூசியதைப் பார்த்திருக்கிறார், சில வாரம் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி வெளியே வந்ததையும் பார்த்திருக்கிறார். அவர் கண்ணுக்குப் படாமல் போனது முட்டை ஒன்றுதான்.

குடம் மாதிரி கூடு கட்டும் குளவி முதலில் உள்ளே ஒரு முட்டையை மெல்லிய இழையில் தொங்கவிடும். அப்புறம்தான் புழு தேடிப் போகும். கொட்டுவது மாற்றுவதற்காக இல்லை, மயக்குவதற்காக. செத்த புழு அழுகிவிடும். மயங்கிய புழு கெடாமல் இருக்கும். முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சு அதைத் தின்று, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்து, மண்ணைக் குடைந்து வெளியே வரும்.

சிறுவயதில் எங்கள் திண்ணைத் தூணில் இருந்த நீளக் கூடு ஒன்றைப் பேனாக்கத்தியால் பிளந்தேன். உள்ளே புழுவே இல்லை, எல்லாம் சிலந்தி. ஒன்றிரண்டின் கால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அது சிலந்தி பிடிக்கும் வேறு வகைக் குளவி. கருப்பும் மஞ்சளுமாக, நூல் இடையோடு இருக்கும். 1781-இல் டென்மார்க் பூச்சியியல் அறிஞர் ஃபப்ரீசியஸ் பெயர் வைத்த அதன் இனம் ஒன்றுக்கு ‘ஸ்கெலிஃப்ரான் மத்ராஸ்பட்டானம்’ என்று நம் சென்னைப் பட்டணத்தின் பெயரே இருக்கிறது. இந்தக் குளவிகள் தனியாக வாழ்பவை. கூட்டைக் காக்கக் கூட்டமாக வந்து கொட்டாது. கூட்டில் ஓட்டை விழுந்திருந்தால் பிள்ளை பறந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது சுரண்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தென்னை ஓலை நெருப்பு பட்ட மாதிரி காய்ந்துவிட்டது. கருந்தலைப்புழு என்று சொல்லி, சின்னக் குழாயில் எறும்பு மாதிரிப் பூச்சியைக் கொடுத்தார்கள். பிள்ளைகளைக் கொட்டுமா? எப்படி விடுவது? (வாசகர், பெரியபட்டினம்)

பதில்: கொட்டும் என்று பயப்படாதீர்கள். அந்தக் கருப்புப் பூச்சி எத்தனையோ முறை என் உள்ளங்கையில் ஊர்ந்திருக்கிறது, ஒருநாளும் கொட்டியதில்லை. அதன் பெயர் கோனியோசஸ் நெஃபாண்டிடிஸ், பெத்திலிட் குடும்பத்துக் குளவி. கருந்தலைப்புழு ஓலையின் அடிப்பக்கம் தன் எச்சத்தையும் நூலையும் சேர்த்துச் சுரங்கம் கட்டி, அதற்குள் இருந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். மேலே மருந்தடித்தால் அதன் மேல் சரியாகப் படாது. ஆனால் எறும்பு உடம்புள்ள இந்தக் குளவி அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்துவிடும். புழுவைக் கொட்டி முடக்கி, அதன் முதுகிலேயே முட்டைகளை வரிசையாக வைக்கும். குஞ்சுகள் வெளியிலிருந்தே உறிஞ்சி, சில நாளில் புழுவை வெறும் தோலாக்கிவிட்டுப் பக்கத்திலேயே பட்டுக்கூடு கட்டும். முட்டையிலிருந்து குளவியாக ஏறக்குறைய இரண்டு வாரம்.

விடுவதில்தான் கவனம் வேண்டும். முதல் தடவை நான் ஆளை மரமேற்றிக் கொண்டையில் விடச் சொன்னேன். அந்த வருடம் பலன் இல்லை. மரக்கொண்டையில் சிலந்தியும் கொலைகாரப் பூச்சியும் காத்திருக்கும், குளவியைத் தின்றுவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. மரத்தடியில் விடுங்கள். ஹெக்டேருக்கு 3,000 என்பது பரிந்துரை. கோடை வரும்வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே தொடங்கினால், புழு பெருகும் மாதங்களில் குளவியும் பெருகியிருக்கும். நம் கடற்கரையில் காற்று ஓயாது. அதனால் காற்று இறங்கிய மாலை நேரமாகப் பார்த்து விடுங்கள். விட்ட பிறகு மருந்து தெளிக்கவே கூடாது. ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு என் பக்கத்துத் தோப்பில் தெளித்தார்கள். புழு மிஞ்சியது, குளவி போய்விட்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

கேள்வி: ஒட்டுண்ணிக் குளவி என்றால் பேன், உண்ணி மாதிரியா? (மாணவர், கீழக்கரை)

பதில்: இல்லை தம்பி. பேன் நம்மைக் கொல்லாது, நாம் இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. இந்தக் குளவியின் குஞ்சோ, தான் வளர்ந்த உடலைக் கொன்றுவிட்டுத்தான் வெளியேறும். இந்த வேறுபாட்டுக்காகவே 1913-இல் ராய்ட்டர் என்ற பின்லாந்து அறிஞர் ‘பாரசிட்டாய்டு’ என்று தனிச்சொல் உண்டாக்கினார். தமிழில் நாம் இரண்டையும் ஒட்டுண்ணி என்றே சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம்.

எறும்பு, தேனீ, குளவி எல்லாம் ஹைமனாப்டெரா என்ற ஒரே பூச்சி வரிசையைச் சேர்ந்தவை. இக்நியூமோனிடே, பிரக்கோனிடே, கால்சிட் கூட்டம் என்று ஒட்டுண்ணிக் குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட பழைய ஒட்டுண்ணிக் குளவி வம்சத்திலிருந்துதான் கொட்டும் குளவியும் தேனீயும் எறும்பும் கிளைத்தன. முட்டையிடும் குழல்தான் கொடுக்காக மாறியது. அதனால்தான் ஆண் கொட்டுவதில்லை. தென்னைக் குளவி இந்தக் கொடுக்கு வம்சத்தைச் சேர்ந்தது, ஆனாலும் ஒட்டுண்ணியாகவே வாழ்கிறது. எனக்கு அதன் மேல் இவ்வளவு பிரியம் வர இதுவும் ஒரு காரணம். அளவு பற்றிக் கேட்டால், உலகத்திலேயே மிகச் சிறிய பூச்சியும் இந்தக் கூட்டம்தான்: அமெரிக்காவில் கண்டெடுத்த ஓர் ஆண் குளவி, 0.139 மில்லிமீட்டர், இறக்கையே கிடையாது.

கேள்வி: உயிரோடு இருக்கும் புழுவைத் தின்பது கொடுமை இல்லையா ஐயா? (வாசகி, தொண்டி)

பதில்: டார்வினையும் இது உறுத்தியிருக்கிறது. அன்பான கடவுள் இக்நியூமோன் குளவியை இப்படி வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என 1860-இல் நண்பர் ஆசா கிரேவுக்குக் கடிதம் எழுதினார். அதற்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒருநாள் கருந்தலைப்புழுச் சுரங்கத்தைப் பிரித்தேன். முடங்கிய புழு, அதன் மேல் குளவிக்குஞ்சுகள், பக்கத்தில் தாய்க்குளவி. ஓலையை ஆட்டினேன், அது ஓடவில்லை. குஞ்சுகள் கூடு கட்டும்வரை அங்கேயே காவல் இருக்கும் குணம் அதற்கு உண்டு. கீற்றைப் பழையபடி மடித்துவிட்டு வந்துவிட்டேன்.