அலுவலகத்தில் ஆன்லைன் கோர்ஸ் கொடுத்து “உங்கள் வேகத்தில் படியுங்கள்” என்கிறார்கள். 45 வயதில் இப்படிப் படித்துப் புதிய வலைக் கருவிகளைக் கற்றுக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் வீடியோவைக் கடைசி வரை ஓடவிடுவதால் எதுவும் வராது. ஒவ்வொரு பாடத்தையும் அன்றைக்கு உங்கள் மேசையில் இருக்கிற வேலையிலேயே செய்து பார்க்க வேண்டும். அதற்கான நேரத்தை அலுவலகம் தர வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் கையில் சான்றிதழ் இருக்கும், வேலை பழைய மாதிரியே நடக்கும்.

நான் சென்னை மண்ணடியில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் (இறக்குமதிச் சரக்கை கஸ்டம்ஸில் விடுவித்துக் கொடுக்கும் இடம்) டாக்குமென்டேஷன் பார்க்கிறேன், வீடு தண்டையார்பேட்டை. எங்கள் வேலை முழுக்கத் தேதியோடு கட்டப்பட்டது. சரக்கு விவரம் சொல்லும் பில் ஆஃப் என்ட்ரியை கஸ்டம்ஸில் போட வேண்டும், டியூட்டி கட்ட வேண்டும், கப்பல் கம்பெனியிடம் சரக்கை எடுக்க அனுமதிக்கும் டெலிவரி ஆர்டர் (டி.ஓ.) வாங்கி கன்டெய்னரை வெளியே எடுக்க வேண்டும். கப்பல் கம்பெனி கட்டணமில்லாமல் தரும் ஃப்ரீ டைம் தாண்டினால் நாளுக்கு நாள் டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஏறும். கன்டெய்னரை வைத்திருக்கும் சரக்கு நிலையமான சி.எஃப்.எஸ். தன் பங்குக்குத் தனியாக வாடகை போடும். கஸ்டம்ஸின் இணையதளமான ஐஸ்கேட் வந்த பிறகு அங்கே தாக்கல் செய்வது ஆன்லைனுக்குப் போய்விட்டது. ஆனால் எங்கள் அலுவலகத்துக்குள் எந்தக் கன்டெய்னர் யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் நோட்டிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் சிதறிக் கிடந்தது.

எங்களுக்குக் கொடுத்த கோர்ஸில் கூகுள் ஷீட்ஸ், டிரைவ், ஃபார்ம்ஸ், காலண்டர் எல்லாம் இருந்தன. ஷீட்ஸ் பாடத்தில் உதாரணமாகப் பழ விற்பனைக் கணக்கு வரும். அதைப் பார்த்து அப்படியே டைப் செய்தவர்களுக்கு மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லை. எங்களோடு பல வருஷமாக ஹார்பர் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் தன் நோட்டை எடுத்துவந்து, “பழமெல்லாம் வேணாம்மா, இதப் போடு” என்றார். அங்கிருந்துதான் பாடம் சூடு பிடித்தது. கன்டெய்னர் எண் என்றால் 4 எழுத்து, 7 இலக்கம். கடைசி இலக்கம் முன்னால் இருப்பவை சரிதானா என்று சோதிப்பதற்கானது. அதனால் 11 எழுத்துக்குக் கூடினாலும் குறைந்தாலும் ஷீட் ஏற்கக் கூடாது என்று விதி வைத்தோம். ஷீட்டின் அடுத்த பத்தியில் (காலம்) ஃப்ரீ டைம் முடியும் தேதி. இரண்டு நாள்தான் பாக்கி என்றால் கட்டம் தானாகச் சிவப்பாகும். இப்போது அந்த அண்ணன் கேட்டில் நின்றபடியே போனில் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, நம்ம பாக்ஸு சிவப்பு காட்டுது, டி.ஓ. வாங்கியாச்சா?” என்று கேட்கிறார்.

உங்கள் வயதுக் கவலைக்கும் பதில் இதில் இருக்கிறது. எந்த மெனு எங்கே என்று இளைஞர்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். ஷீட்டில் எந்தப் பத்தி இல்லாவிட்டால் பணம் போகும் என்று தெரிந்தவர் அந்த அண்ணன் மாதிரி அனுபவசாலிதான். இரண்டு பேரையும் ஒரே கம்ப்யூட்டர் முன் உட்கார வையுங்கள்.

இந்த மாதிரிப் படிப்புக்கு நல்ல முன்னோடி ஒன்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள சார்லட் நகரப் பொது நூலகம் 2006இல் தன் ஊழியர்களுக்கு ‘லேர்னிங் 2.0’ என்ற திட்டத்தை நடத்தியது. வடிவமைத்தவர் ஹெலீன் பிளோவர்ஸ். மொத்தம் 23 சின்னச் சின்ன வேலைகள்: வலைப்பதிவு தொடங்குவது, ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் படம் தேடுவது, பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் ஆர்.எஸ்.எஸ். ஓடைகளைச் சேர்ப்பது, பலர் சேர்ந்து எழுதும் விக்கியில் எழுதுவது என்று போகும். அவரவரே நோண்டிப் பார்த்துக் கற்க வேண்டும். ஒவ்வொன்றையும் செய்த பிறகு, என்ன செய்தேன், என்ன தோன்றியது என்று தன் வலைப்பதிவில் எழுத வேண்டும். முடித்தவர்களுக்கு எம்.பி.3 பிளேயர் பரிசு. பிறகு வேறு நாட்டு நூலகங்களும் இதை எடுத்துத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன. அந்தக் காலத்தில் ஆர்.எஸ்.எஸ். படிக்கப் பலரும் பயன்படுத்திய கூகுள் ரீடரை 2013இல் மூடிவிட்டார்கள். அதனால் எந்தப் பட்டன் எங்கே என்று மனப்பாடம் செய்ய மெனக்கெடாதீர்கள். தெரியாத திரையைத் திறந்து பயமில்லாமல் தடவிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் அடுத்த கருவிக்கும் அது உதவும்.

செய்ததை எழுதும் அந்தப் பழக்கத்தை நாங்களும் எடுத்துக்கொண்டோம். பாடம் முடித்தவர் ஆபீஸ் குரூப்பில் இரண்டு வரி போட வேண்டும். டைப் செய்யச் சிரமப்படுபவர் போன் கீபோர்டில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் போதும், எழுத்தாகிவிடும். பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறதா? வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். அதே தலைப்புக்கு யூடியூபில் தமிழ் வீடியோ தேடினாலும் கிடைக்கும்.

நேர விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். “வீட்டுக்குப் போய்ப் படியுங்கள்” என்று சொல்வது எளிது. சாயங்காலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, சமைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு உட்காரும் பெண்ணுக்கு எந்த வேகம் மிஞ்சும்? அலுவலக வேலைக்கான படிப்பு அலுவலக நேரத்தில்தான் நடக்க வேண்டும். நாங்கள் கேட்டோம், காலையில் வேலை நெருக்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் கொடுத்தார்கள். எல்லோரும் சேர்ந்து கேட்டதால் மறுக்கவில்லை.

அப்புறம், உங்கள் கோர்ஸில் ஷேரிங் பற்றிய பாடம் கடைசியில் இருந்தாலும் அதை முதலில் பார்த்துவிடுங்கள். பார்க்க மட்டும், கருத்துச் சொல்ல, திருத்த என்று மூன்று வகை அனுமதி உண்டு. ‘லிங்க் உள்ள எவரும்’ என்று விட்டால் அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் திறக்கும். வாடிக்கையாளரின் இன்வாய்ஸ், பான் எண் மாதிரி விவரங்களைப் பயிற்சி ஷீட்டில் போடவே வேண்டாம். வேறொருவர் தெரியாமல் எதையாவது அழித்துவிட்டால் பதற வேண்டியதில்லை. ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது, அதில் பழைய ஷீட்டை மீட்டுவிடலாம்.